கட்டை கட்டிய பேச்சு!

வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குத் தமிழ் மீது ஆசை. ஊரில் இருந்தபடியே புத்தகங்களை வாங்கிப் படித்தார். இலக்கணம் படித்தார். பிறகு சென்னைக்கு வந்தார். நேராக ஒரு பழக்கடைக்குப் போனார்.

"ஐயா! இவ்வாழைப்பழம் ஒன்றின் விலை யாது?" என்று கேட்டார்.

கடைக்காரர் என்ன செய்வார்? சிரிப்பை அடக்கிக்கொண்டு விலையைச் சொல்வார்.

இப்படி ஒருவர் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவர் பேச்சில் பிழை உண்டா? கிடையாது. இலக்கண ஆசிரியர் நூற்றுக்கு நூறு மதிப்பெண் போடுவார். ஆனாலும் கடைக்காரருக்குச் சிரிப்பு வருகிறது. ஏன்? பேச்சு சரியாக இருக்கிறது, ஆனால் இயல்பாக இல்லை. உயிர் உள்ள மனிதன் வாழைப்பழத்தின் விலையை அப்படிக் கேட்பது இல்லை.

இந்தக் குறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. "ஸ்டில்டட்" என்பது அந்தச் சொல்.

அகராதியைப் புரட்டினால், "விறைப்பான, செயற்கையான, இயல்பு இல்லாத" என்று பொருள் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு மூடிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு வேடிக்கை ஒளிந்து கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் சொல் மறக்கவே மறக்காது.

ஆடு மேய்த்த நெட்டைக்காரர்கள்

"ஸ்டில்ட்" என்றால் கட்டைக் கால். உயரமாக நடப்பதற்காகக் காலில் கட்டிக்கொள்ளும் நீளக் கட்டை. நம் ஊர்த் திருவிழாக்களில் கொக்கலிக்கட்டை ஆட்டம் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவை இல்லை. பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர்கள் காலில் கட்டுவதும் இதன் தம்பிதான். உயரம் குறைவு, அவ்வளவே. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் "மரக்கால்" என்பது ஒன்று. அசுரர்கள் பாம்பும் தேளுமாக வந்தபோது, அவற்றை மிதித்து ஒழிக்கத் துர்க்கை மரக்கால் கட்டி ஆடினாள் என்பது கதை.

நமக்கு அது ஆட்டம். பிரெஞ்சு நாட்டில் ஒரு பகுதி மக்களுக்கு அது பிழைப்பாக இருந்தது.

பிரான்சின் தென்மேற்கே லாண்ட் என்று ஒரு பிரதேசம். தட்டையான தரை. மழை பெய்தால் தண்ணீர் வடியாது. எங்கே பார்த்தாலும் சதுப்பும் புதருமாகக் கிடக்கும். அங்கே ஆடு மேய்த்தவர்கள், முழங்காலுக்குக் கீழே தோல் வாரால் கட்டைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் உயர்ந்து நின்றார்கள். கால் நனையாது. முள் குத்தாது. வெகு தூரத்தில் மேயும் ஆடும் கண்ணுக்குத் தெரியும். தபால்காரர்கூடக் கட்டைக் காலோடு கடிதம் கொடுத்த ஊர் அது!

கட்டைக் காலில் ஒரு சங்கடம் உண்டு. சும்மா நிற்க முடியாது. நின்றால் விழ வேண்டியதுதான். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் மேய்ப்பர்கள் கையில் மூன்றாவதாக ஒரு நீளக் கழி வைத்திருந்தார்கள். அதை முதுகுக்குப் பின்னால் ஊன்றி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபடியே கம்பளி நூலில் காலுறை பின்னினார்கள். கீழே ஆடுகள், மேலே அந்தரத்தில் பின்னல் வேலை!

அந்த ஊரைச் சேர்ந்த சில்வேன் தோர்னோன் என்ற ரொட்டிக் கடைக்காரர், 1891-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் இருந்து மாஸ்கோவுக்குக் கட்டைக் காலிலேயே நடந்தார். நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். அவருக்குப் பிடித்த காலம் 58 நாட்கள்.

ஆனால் அதற்குள் லாண்டில் மேய்ச்சல் காலமே முடிந்துகொண்டிருந்தது. 1857-ஆம் ஆண்டில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. சதுப்பை வடித்து, பைன் மரங்களை நட்டார்கள். மேய்ச்சல் நிலம் காடாக மாறியது. ஆடும் போயிற்று, கட்டையும் போயிற்று. இப்போது அங்கே கட்டைக் கால், திருவிழாவில் ஆடும் ஆட்டம் மட்டுமே.

பக்கத்து நாடான பெல்ஜியத்தில் நாமூர் என்ற ஊரில் இன்னும் வேடிக்கை. இரண்டு கட்சியாகப் பிரிந்து, கட்டைக் காலில் நின்றபடியே ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவார்கள். 1411-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 2021-ல் யுனெஸ்கோ இதை உலகின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

காலில் இருந்து நாக்குக்கு

சரி, காலில் கட்டிய கட்டை பேச்சுக்கு எப்படி வந்தது?

கட்டைக் காலில் போகிறவரைப் பாருங்கள். எல்லாரையும் விட உயரமாக இருக்கிறார். ஆனால் அது அவருடைய சொந்த உயரம் அல்ல. அவர் கணுக்கால் மடங்காது. பாதத்துக்கு வேலையே இல்லை. ஒவ்வோர் அடியும் கணக்குப் போட்டு வைக்கும் அடி. தரையோடு அவருக்குத் தொடர்பு இல்லை.

சிலருடைய பேச்சும் எழுத்தும் அப்படித்தான் இருக்கின்றன. சொந்த உயரம் போதாது என்று நினைத்து, பெரிய பெரிய சொற்களைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். உயரம் வருகிறது. நடைதான் வருவது இல்லை.

"கட்டை மேல் ஏறிய" என்று சொன்னால் ஆங்கிலத்தில் "வீண் பகட்டான" என்ற பொருளும் உண்டு. ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர், 1789-ல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தைக் கேலி செய்தபோது, அது வெறும் பிதற்றல்கூட அல்ல, கட்டைக் கால் கட்டிய பிதற்றல் என்றார். அவர் சொன்ன கருத்தை உலகம் ஏற்கவில்லை. உவமையை மட்டும் எடுத்துக்கொண்டது.

இந்த உவமை தமிழனுக்குப் புரிந்த அளவு வேறு யாருக்கும் புரியாது. ஏன் தெரியுமா? காலால் நடப்பதும் "நடை". எழுதும் பாணியும் "நடை". இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான்! "அவர் நடை நன்றாக இருக்கிறது" என்றால், காலையா எழுத்தையா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே "ஸ்டில்டட்" என்பதைக் "கட்டைக் கால் நடை" என்றே தமிழில் சொல்லலாம். "செயற்கைத் தன்மை வாய்ந்த மொழிநடை" என்று யாராவது மொழிபெயர்த்தால், அந்த மொழிபெயர்ப்புக்கே இந்தச் சொல் பொருந்தும்.

எதற்குச் சொல்லலாம்? எதற்குச் சொல்லக் கூடாது?

விறைப்பாக இருப்பதை எல்லாம் "ஸ்டில்டட்" என்று சொல்லக் கூடாது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

கஞ்சி போட்ட சட்டை விறைப்பாக இருக்கிறது. தூங்கி எழுந்தால் கழுத்து பிடித்துக்கொண்டு விறைக்கிறது. இவற்றுக்கு "ஸ்டிஃப்" என்பதே சொல். முகத்தில் ஒரு பாவமும் காட்டாமல் நடிக்கும் நடிகரை "உட்டன்" என்பார்கள்; அதாவது மரம் மாதிரி நிற்கிறார். "ஸ்டில்டட்" என்பது பெரும்பாலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் உரியது. உரையாடல், கடிதம், மேடைப் பேச்சு, சினிமா வசனம், மொழிபெயர்ப்பு ஆகியவை அந்தப் பட்டம் பெறும். "டில்டட்" என்று இன்னொரு சொல் உண்டு. அது "சாய்ந்த" என்று பொருள்படும். முன்னால் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தேர்வு எழுதும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பெரிய சொற்கள்தான் பேச்சைக் கெடுக்கும் என்பதும் இல்லை. சின்னச் சின்னச் சொற்களாலும் கட்டை கட்டலாம். பெண் பார்க்க வந்த வீட்டை நினைத்துப் பாருங்கள்.

"மழை எல்லாம் எப்படி?"

"பரவாயில்லை."

"போன வாரம் பெய்ததா?"

"பெய்தது."

"ஓகோ!"

அப்புறம் எல்லாரும் சுவரில் மாட்டிய படங்களைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை தேங்குழலைச் சத்தம் வராமல் கடிக்கப் பாடுபடுவார். எல்லாம் எளிய சொற்கள்தான். ஆனால் ஒன்றும் ஓடவில்லை. இதையும் ஆங்கிலேயர் "ஸ்டில்டட் கான்வர்சேஷன்" என்றுதான் சொல்வார்கள். மனத்தில் இருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. அதனால் வரும் விறைப்பு இது.

அரண்மனையிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. கிளாட்ஸ்டன் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர். மாபெரும் பேச்சாளர். ஆனால் விக்டோரியா ராணிக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது. தன் ஒருத்தியிடம் பேசும்போதுகூட, பொதுக்கூட்டத்தில் பேசுவது போலவே அவர் பேசுகிறார் என்று ராணி குறைப்பட்டதாகச் சொல்வார்கள். ஆயிரம் பேருக்கு முன்னால் கைதட்டல் வாங்கிய அதே நடை, ஒரு நாற்காலிக்கு முன்னால் கட்டைக் காலாகிவிட்டது!

பூ ஜாடிக்குள் மைக்

சினிமா பேசத் தொடங்கிய காலத்தில் ஹாலிவுட் படங்களுக்கு இந்தப் பட்டம் தாராளமாகக் கிடைத்தது. அதற்குக் காரணம் நடிகர்கள் மட்டும் அல்ல. இயந்திரமும்தான்.

அந்தக் கால மைக் தூரத்துக் குரலைச் சரியாக வாங்காது. அதைத் திரையில் காட்டவும் முடியாது. எனவே பூ ஜாடியிலும் மேஜைப் பொருள்களிலும் ஒளித்து வைத்தார்கள். நடிகர் அதை விட்டு நகரக் கூடாது. மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, வசனத்தைப் பேசிவிட்டு, பிறகுதான் நடக்கலாம். கேமரா வேறு கடகடவென்று சத்தம் போடும். அதை ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். அதுவும் நகராது. 1928-ல் வந்த "லைட்ஸ் ஆஃப் நியூயார்க்", முழு நீளமும் பேசிய முதல் படம். அதில் பாத்திரங்கள் ஒரு டெலிபோனைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவதைப் பார்க்கலாம். ஊமைப் படத்தில் மானாய்த் துள்ளியவர்கள், பேசும் படத்தில் கம்பமாய் நின்றார்கள். 1952-ல் வந்த "சிங்கிங் இன் தி ரெயின்" இந்தக் கூத்தை எல்லாம் வைத்தே மக்களைச் சிரிக்க வைத்தது.

இன்று மைக் நகரும், கேமரா பறக்கும். ஆனாலும் டப்பிங் படங்களில் கட்டைக் கால் போகவில்லை. அங்கே நடிகரின் உதடு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்துச் சொல்லைப் பொருத்த வேண்டும். உதட்டுக்கு அளவெடுத்துத் தைத்த வசனம், காதுக்கு எப்படி இயல்பாக இருக்கும்?

அலங்காரமாகப் பேசினாலே கட்டைக் கால் என்று நினைத்துவிடக் கூடாது. 1952-ல் வந்த "பராசக்தி" படத்தில் மு. கருணாநிதி எழுதிய வசனம், வீட்டிலும் தெருவிலும் யாரும் பேசாத வசனம். அடுக்கு மொழி, எதுகை, மோனை எல்லாம் உண்டு. ஆனால் சிவாஜி கணேசன் அதை நீதிமன்றக் கூண்டில் நின்று பேசியபோது கொட்டகையே அதிர்ந்தது. அதை "ஸ்டில்டட்" என்று சொன்னால் அது பொருந்தாது. அந்த இடமும் அந்தக் கோபமும் அத்தனை உயரத்தைத் தாங்கின. அதே வசன நடையில் ஒருவர் மனைவியிடம் காபி கேட்டால்தான் சங்கடம்.

பாமரர் தலையில் விழுந்த கட்டை

இதுவரை சிரிப்பு. இனிமேல் சொல்வது சிரிப்பு அல்ல.

மேடையில் ஒருவர் கட்டைக் காலில் நடந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அரசாங்க அலுவலகம் அப்படி நடந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் தலையில் அது விழுகிறது. "மேற்படி மனுதாரர் தங்கள் மேலான சமூகத்திற்குப் பணிந்து சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கினால்தான் மனு என்று ஒருவர் நம்பிவிட்டால், அவர் தம் கையால் மனு எழுதவே மாட்டார். எழுதிக் கொடுக்கிறவருக்குக் காசு கொடுப்பார். அல்லது மனுவே போடாமல் இருந்துவிடுவார். "என் வீட்டுக் குழாயில் ஒரு மாதமாகத் தண்ணீர் வரவில்லை" என்று எழுத எத்தனை படிப்பு வேண்டும்?

பிரிட்டனில் இந்தத் தொல்லை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முற்றிவிட்டது. பங்கீட்டுக்கு ஒரு படிவம், துணிக்கு ஒரு படிவம் என்று காகிதங்கள் வீடு தேடி வந்தன. பல பேருக்கு அவை புரியவில்லை. பொறுத்துப் பார்த்த நிதி இலாகா, சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற உயர் அதிகாரியிடம் ஒரு வேலை கொடுத்தது. அதிகாரிகள் எப்படி எளிமையாக எழுத வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதச் சொன்னது. 1948-ல் "பிளெயின் வேர்ட்ஸ்" என்ற அந்தச் சிறு நூல் வெளிவந்தது. அலுவலகத்துக்காக எழுதிய நூலை மக்களும் ஆவலாக வாங்கினார்கள். 2014-ல் அவருடைய கொள்ளுப் பேத்தி அதைத் திருத்திப் புதுப் பதிப்பாக வெளியிட்டார்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1946-ல், ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பீகாரில் மோதிஹாரியில் 1903-ல் பிறந்தவர் இவர். பழைய ஏற்பாட்டில் ஓர் அழகான வசனம். ஓட்டப்பந்தயம், போர், சோறு என்று கண்ணால் காணும் பொருள்களாகவே அடுக்கிச் சொல்லும் வசனம். அதை எடுத்து, அந்தக் கால அலுவலக ஆங்கிலத்தில் திருப்பி எழுதிக் காட்டினார். பந்தயமும் போரும் சோறும் காணாமல் போயின. கருத்துகளின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் மறுநாள் அலுவலகத்துக்குப் போய் அப்படியே எழுதியும் இருப்பார்கள்!

நம் நாட்டில் பாரதியார் இதை முன்பே கண்டுகொண்டார். 1912-ல் "பாஞ்சாலி சபதம்" முதல் பாகத்தை வெளியிட்டபோது, எளிய சொல்லும் எளிய நடையும் கொண்டு காவியம் செய்வதே தாய்மொழிக்கு உயிர் கொடுப்பது என்ற கருத்தை முன்னுரையிலேயே எழுதி வைத்தார்.

ஆனால் கட்டைக் காலைத் தட்டிவிட்ட பெருமை ஒரு பெண்மணிக்கே உரியது. அவர் பெயர் கிறிஸ்ஸி மேகர். லிவர்பூல் நகரத்து ஏழைக் குடும்பத்துப் பெண். பதினைந்து வயதை ஒட்டித்தான் அவருக்கு எழுதப் படிக்க வந்தது. படிக்கக் கற்றவுடன் ஒன்று தெரிந்தது. ஏழைகளுக்கு உதவி கொடுப்பதாகச் சொல்லும் படிவங்கள் ஏழைகளுக்குப் புரியவில்லை! புரியாததால் அவர்கள் உதவி கேட்கவில்லை. கேட்காததால் கிடைக்கவில்லை.

1979-ஆம் ஆண்டில் அவர் லண்டனுக்கு வந்தார். பாராளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் நின்றார். கட்டுக் கட்டாக அரசாங்கப் படிவங்களைக் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்கத் துண்டு துண்டாக நறுக்கினார். கூட்டம் கூடியது.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். கலைந்து போகும்படி சட்டப்படி எச்சரிக்கை செய்ய வேண்டும் அல்லவா? 1839-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தில் இருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் படித்தார். ஒரே வாக்கியம்தான். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள்!

மேகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் படித்து முடித்ததும், இந்தப் பிதற்றலுக்கு எங்களைப் போகச் சொல்வதாகப் பொருளா என்று கேட்டார்.

அந்த ஆண்டிலேயே அவர் எளிய ஆங்கிலத்துக்காக ஓர் இயக்கம் தொடங்கினார். தெளிவாக எழுதிய படிவங்களுக்கு அந்த இயக்கம் 1990-ல் இருந்து ஒரு முத்திரை கொடுக்கிறது. வங்கிகளும் அரசாங்க இலாகாக்களும் அந்த முத்திரைக்காகத் தங்கள் படிவங்களை அனுப்பித் திருத்தி வாங்கின. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டமே வந்தது. பொதுமக்களுக்கு எழுதும் அரசாங்கக் காகிதம் அவர்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

மேகர் தொடங்கிய இயக்கம் இன்னொரு பரிசும் வைத்தது. யாருக்கும் புரியாதபடி எழுதியவர்களுக்குக் கொடுக்கும் பரிசு. அதன் பெயர் "தங்கக் காளை". அதை வாங்க ஒருவரும் ஆசைப்பட்டு விண்ணப்பம் போடுவது இல்லை.